இசாண்டல்வானா மண்: ஒரு விஷயம் உறுத்துகிறது, உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

டோங்காட் தூரிகை

நாற்பது சூலு வீரர் பொம்மைகள், 28 மில்லிமீட்டர் அளவு. உடம்பு, கேடயம், ஈட்டி எல்லாம் முடித்தாயிற்று. பேஸ், அதாவது பொம்மை நிற்கிற தட்டு மட்டும் பாக்கி. ஆறு மாதமாகக் காலடியில் ப்ரைமர் என்கிற கறுப்பு அடிப்பூச்சோடு அலமாரியில் நிற்கிறார்கள். ஏன் என்று வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

ஜனவரியில் அண்ணன் குடும்பத்தோடு இசாண்டல்வானா போயிருந்தோம், தென்னாப்பிரிக்காவில் சூலுக்கள் ஆங்கிலேயப் படையைத் தோற்கடித்த போர்க்களம். அந்த இடத்து மண்ணையே பேஸில் போட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. மாத்திரை டப்பா ஒன்றைக் கழுவிக் காயவைத்து எடுத்துப் போயிருந்தேன். அண்ணி மரத்தடியில் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் வெள்ளையடித்த கற்குவியல்கள் பக்கம் நடந்துபோய், குனிந்து, புல்லை விலக்கி, முக்கால் டப்பா மண் அள்ளிவிட்டேன்.

நிமிர்ந்தால் எதிரே ஒரு பெரியவர். வேறொரு கூட்டத்துக்கு இடத்தைச் சுற்றிக் காட்ட வந்தவர். கையில் தடி. என்ன அது என்று கேட்டார். "மண், பாபா. பொம்மைகளுக்கு" என்று சொல்லி, ஃபோனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. கற்குவியலைத் தடியால் காட்டி, "இந்த வெள்ளைக் கல் இருக்கிற இடத்தில் அவர்களுடைய ஆட்கள் கிடக்கிறார்கள். எங்கள் ஆட்கள் கிடக்கிற இடத்தில் கல் கிடையாது. நீ யாரை அள்ளினாய்?" என்றார்.

யாரை என்றுதான் கேட்டார். டப்பாவைக் கவிழ்த்துக் கொட்டினேன். அவர் தடி நுனியால் புல்லை இழுத்து அந்த இடத்தை மூடிவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மூடியின் திருகுக்குள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரைச் சிட்டிகைகூட வராது. அதைக் கொட்டவும் மனசு வரவில்லை, பேஸில் போடவும் மனசு வரவில்லை.

லேடிஸ்மித்காரன்

மண் இருக்கட்டும் அண்ணா, நீங்களே புல்லை விலக்கித்தான் அள்ளினேன் என்கிறீர்கள். அதைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். சூலு போர் என்றாலே எல்லாரும் காய்ந்த மஞ்சள் புல்லை ஒட்டுகிறார்கள். இசாண்டல்வானா நடந்தது 1879 ஜனவரி 22. கோடை, மழைக்காலம். அந்தப் பக்கம் ஜனவரியில் புல் பச்சையாக, உயரமாக நிற்கும். மஞ்சள் வேண்டுமானால் அதே போரின் கடைசிச் சண்டையான உலுண்டிக்குப் போடுங்கள், அது ஜூலை 4, நடுக் குளிர்காலம்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினெட்டு சிவப்புச் சட்டை ஆங்கிலச் சிப்பாய்களுக்கு மஞ்சள் புல் ஒட்டி, இந்தப் பொம்மைகளை வைத்து ஆடுகிற ஒரு சனிக்கிழமைப் போர் ஆட்டத்துக்குக் கொண்டுபோனேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். ஒரு வீரனை எடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை, துப்பாக்கியைப் பார்க்கவில்லை. பேஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எந்த மாதம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. நான் பிறந்து வளர்ந்த மாகாணம் இது, ஜனவரியில் புல் என்ன நிறத்தில் இருக்கும் என்று பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். அதை விட்டுவிட்டு, வெளிநாட்டில் யாரோ ஒட்டிய பேஸின் படத்தைப் பார்த்து ஒட்டியிருக்கிறேன். அன்று ராத்திரியே பதினெட்டையும் கத்தியால் சுரண்டினேன்.

வெருலம் மாமா

தம்பி டோங்காட், அந்தப் பெரியவர் படத்தில் எதைப் பார்த்தார் என்று கவனித்தீர்களா? கேடயத்தையாக இருக்கும் என்று நினைக்கிறேன். என் கதை அப்படி.

ஐந்து கேடயம் பாழாகிவிட்டது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். தந்த நிறம் பூசிக் காயவைத்திருந்த பக்கத்திலேயே, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விரலால் வருடி வேறொரு பேஸுக்குச் செம்பழுப்புத் தெளித்துக்கொண்டிருந்தேன். அது கேடயங்களின் மேலும் பொடிப்பொடியாக விழுந்துவிட்டது. அப்புறம் திரும்பப் பூசலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஞாயிறு என்னோடு வேலை பார்க்கிற நண்பர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு பிரியாணி சாப்பிட வந்தார். பெரியவர் சூலுலாந்தில் மாடு மேய்த்து வளர்ந்தவர். சாப்பாடு முடிந்து மேசைப் பக்கம் வந்தார். அழகாகப் பூசி வரிசையாக அடுக்கியிருந்த முப்பதை விட்டுவிட்டு, ஒதுக்கி வைத்திருந்ததில் ஒன்றை நகத்தால் எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, "அமகாண்டா காஹுயே" என்றார்.

வானம்பாடி முட்டைகள் என்று மகன் சொன்னார். வெண்மையில் துரு நிறப் புள்ளி தெளித்த மாட்டுக்கு அதுதான் பெயராம். அதோடு நிற்கவில்லை. மேசையில் இருந்த ஒவ்வொரு கேடயமாக எடுத்துப் பெயர் சொன்னார். மூன்றுக்கு மட்டும் பெயர் சொல்லவில்லை. அப்படி மாடு கிடையாது என்றார். அந்த மூன்றும் நான் மனம்போன போக்கில் திட்டு வைத்தவை.

எனக்குச் சட்டென்று ஆயா ஞாபகம் வந்துவிட்டது. மயிலை, செவலை, காரி என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் காலத்தில் கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் ஏது மாடு? அவருடைய அம்மா கப்பலில் கொண்டுவந்த சொற்கள். நான் ஒரு நாளும் அவரிடம் மயிலை என்றால் எந்த நிறம் என்று கேட்டதில்லை. இப்போது கேட்க ஆள் இல்லை.

கேடயத்தில் இன்னொன்று. வெள்ளை அதிகமுள்ள கேடயம் கல்யாணமான மூத்த படைகளுக்கு, கறுப்பு இளவட்டங்களுக்கு என்பது பழைய வழக்கம். இசாண்டல்வானா நடந்த அன்றே பக்கத்து ஆங்கிலேய முகாமான ரோர்க்ஸ் டிரிஃப்டைத் தாக்கப் போன உதுல்வானா படையில் நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இருந்தார்கள், கல்யாணமானதற்கு அடையாளமாகத் தலையில் வளையம் வைத்தவர்கள். அவர்களுக்கு வெள்ளை சரி. ஆனால் 1879-க்குள் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது, கலந்தும் பிடித்திருக்கிறார்கள். அதனால் நாற்பதையும் ஒரே அச்சாகப் பூசியிருந்தால் மாற்றுங்கள்.

ஈரக்காற்று

போன பிப்ரவரி, டர்பன், சாயங்காலம், மேட் (பளபளப்பு இல்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே. பன்னிரண்டு பேர் முகமும் பால் ஆடை படர்ந்த மாதிரி வெளுத்துப்போயிற்று. மூன்று வார வேலை. அந்த வெளுப்பு என் கண்ணெதிரே ஏறியதுதான் மறக்க முடியாதது, ஓரத்திலிருந்து உள்ளே மெதுவாக.

யாரும் இந்தத் தப்பைச் செய்யக் கூடாது, அதனால் விவரமாக எழுதுகிறேன். காற்றில் ஈரம் இருக்கும்போது ஸ்ப்ரே கூடவே கூடாது. ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெளுப்பாகத் தெரியும். நம் கடற்கரைப் பக்கம் கோடையில் வார்னிஷைப் பிரஷ்ஷால்தான் பூச வேண்டும். ஸ்ப்ரேதான் வேண்டுமென்றால் குளிர்காலத்துக் காலை வேளைக்குக் காத்திருங்கள். உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று அடிக்கிற நாளும் வேண்டாம். அது காய்ந்த சூடு, ப்ரைமர் பொம்மையில் படுவதற்கு முன்பே காய்ந்து மணல்தாள் மாதிரி சொரசொரப்பாக உட்காரும். வெளுத்துப்போனதைத் தூக்கிப் போடாதீர்கள். பளபளப்பு வார்னிஷை மெல்லிசாகப் பிரஷ்ஷால் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஒரு நாள் விட்டு மேட் பூசுங்கள்.

மணலுக்கு வருவோம். கடற்கரை மணலை அப்படியே ஒட்டாதீர்கள். உப்பு ஈரத்தை இழுக்கும், நாளடைவில் பெயின்ட் உரியும். நாலு தண்ணீரில் அலசி, தட்டில் பரப்பி, அவனில் 100 டிகிரியில் அரை மணி நேரம் வையுங்கள். பூச்சி முட்டை இருந்தாலும் போய்விடும். பிறகு சலியுங்கள், டீ வடிகட்டியே போதும். 28 மில்லிமீட்டர் அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். கண்ணுக்குப் பொடியாகத் தெரிகிற மணல் அந்த வீரனுக்குக் கைப்பிடிக் கல். டர்பன் பெரியா மேட்டுச் செம்மணல் நல்ல நைஸ், இரும்புத் துரு நிறம் அதிலேயே இருக்கிறது. வெள்ளைப் பசையில் தண்ணீர் சேர்த்து மேலே இன்னொரு முறை ஊற்றினால் உதிராது. காய்ந்த புல்லுக்கு நடுவே சருகு வேண்டுமென்றால், குடித்து முடித்த டீத்தூளைக் காயவைத்துத் தூவுங்கள். போர்க்களத்து மண் எதற்கு? மேலே பெயின்ட் அடித்த பிறகு எந்த ஊர் மண் என்று யாருக்குத் தெரியப் போகிறது?

மாரிட்ஸ்பர்க் அக்கா

ஈரக்காற்று தம்பி, மணலை எப்படிக் கழுவுவது என்று யாரும் கேட்கவில்லையே. "யாருக்குத் தெரியும்" என்கிறீர்கள், அவருக்குத் தெரியும். அதனால்தான் ஆறு மாதமாகத் தூங்காமல் நிற்கிறது அந்தப் படை.

நான் போயர் போரில் ஸ்பியான் காப் சண்டையில் காயம்பட்டவர்களைத் தூக்கிய ஸ்ட்ரெச்சர்காரர்களைச் செய்தேன். 1900 ஜனவரி. காந்தி சேர்த்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறக்குறைய 1100 பேர், அதில் 300 பேர்தான் சுதந்திர இந்தியர்கள், பெரும்பாலோர் தோட்டங்களிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள். காயம்பட்டவர்களைச் சுமந்துகொண்டு ஒரு நாளைக்கு 20, 25 மைல் நடந்ததாகக் காந்தியே எழுதியிருக்கிறார். காயம்பட்ட ஆங்கில ஜெனரல் வுட்கேட்டைத் தூக்கியது நம் ஆட்கள். காந்தியின் பெயர் எல்லாருக்கும் தெரியும், தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பெயரையாவது சொல்லுங்கள் பார்ப்போம். எனக்கும் தெரியாது. அதனால்தான் செய்தேன்.

வேறு சிப்பாய்களின் துப்பாக்கியை வெட்டி எடுத்து, பேப்பர் கிளிப் கம்பியில் ஸ்ட்ரெச்சர், பசையில் தோய்த்த டிஷ்யூ பேப்பரில் துணி. கையில் செஞ்சிலுவைப் பட்டை. எல்லாம் வந்தது, முகம் வரவில்லை. தோல் நிறம் என்று பாட்டிலில் போட்டிருப்பது வெளுத்த இளஞ்சிவப்பு. பழுப்பு பாட்டிலைத் திறந்தால் மரப் பெட்டி மாதிரி இருக்கிறது. வெள்ளை கலந்தால் சாம்பல் பூசினாற்போல் செத்த முகம். மூன்று ராத்திரி அழித்து அழித்துப் பூசினேன்.

நாலாவது ராத்திரி அம்மா டீ கொண்டுவந்து வைத்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். வளையலை மேலே தள்ளிவிட்டு, மணிக்கட்டைக் கலவைத் தட்டின் ஓரத்தில் வைத்து, "என் கையைப் பார்த்துக் கலக்குடி" என்றார். விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். விரல் முட்டியில் கருஞ்சிவப்பு. மேல் கையில் புளியங்கொட்டைத் தோல். வளையல் மறைத்த இடத்தில் வெல்லப் பாகு. நரம்பு ஓடுகிற இடத்தில் லேசாகப் பச்சை. ஒரே கையில் இத்தனை. வெள்ளையைத் தொடவே இல்லை. கருஞ்சிவப்பில் தொடங்கி, மஞ்சள் கலந்த பழுப்பை மெல்லிசாக ஏற்றிக்கொண்டே போனேன், கடைசியில் ஒரு துளி தந்தம். அம்மா கையை எடுக்கவே இல்லை, டீ ஆறிப்போயிற்று.

நாலு பேர், ஒரு ஸ்ட்ரெச்சர். நாலு பேருக்கும் அம்மாவின் கை நிறம். அம்மா போன வருஷம் தவறிவிட்டார். அதற்குப் பிறகு அந்த நாலு பேரையும் நான் ஆட்டத்துக்கு எடுத்துப் போகவில்லை.

சாட்ஸ்வர்த் சிப்பாய்

எல்லாரும் மனசு, மனசு என்கிறீர்கள். சட்டமும் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் தேசிய பாரம்பரிய வளச் சட்டம் போர்க்களங்களையும் அங்கே புதைந்தவர்களையும் காக்கிறது. ஆளுக்கு ஒரு டப்பா அள்ளினால் அங்கே என்ன மிஞ்சும்? இன்னொன்று, சூலு வீரர்களுக்குக் கல்லே இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே 1999-இல் அவர்களுக்கென்று நினைவிடம் வைத்தார்கள், வீரர்கள் அணிகிற கழுத்து மாலையின் வடிவில், வெண்கலத்தில்.

டோங்காட் தூரிகை

அந்த நினைவிடத்தை நானும் பார்த்தேன் தம்பி. பெரியவர் சொன்னது ஒவ்வொருவரும் விழுந்த இடத்தைப் பற்றி. அங்கே ஆங்கிலேயப் பக்கம் 1300-க்கும் மேல், சூலு பக்கம் ஆயிரம் பேருக்குக் குறையாமல், ஒரே நாளில் செத்தார்கள். அந்தப் புல்லில் எங்கே கை வைத்தாலும் யாரோ ஒருவர் மேல்தான்.

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு எழுந்துபோய் நாற்பதையும் மேசையில் இறக்கினேன். பேஸுக்குப் பெரியா செம்மணல், மேலே உயரமான பச்சைப் புல், லேடிஸ்மித்காரர் சொன்னபடி. மண்ணே தெரியாது. மூடியில் இருந்த மண்ணை அடுத்த ஜனவரியில் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டுகிறேன். மூடியை அப்படியே காகிதத்தில் சுற்றி காரில் வைத்துவிட்டேன்.

வெருலம் மாமா, கேடயம்தான் இப்போது பயமாக இருக்கிறது. எல்லாம் படத்தைப் பார்த்துப் பூசியவை. அந்தப் பெரியவர் இன்னும் உங்கள் வீட்டுக்கு வருகிறாரா? கொண்டுவந்து காட்டலாமா?

வெருலம் மாமா

இந்த ஞாயிறு வருகிறார் தம்பி. பல்ப் வெளிச்சத்தில் அவர் பெயர் சொல்ல மாட்டார், பகல் வெளிச்சம் வேண்டும். பதினோரு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள், வராந்தாவில் மேசை போட்டு வைக்கிறேன். அந்தத் தந்த நிற பாட்டிலையும் மறக்காமல் எடுத்து வாருங்கள், என்னிடம் தீர்ந்துவிட்டது.