ஒன்னுக்குல ரத்தம் வந்து தானா நின்னுடுச்சு, விட்டுடலாமா?

பாலக்கோட்டான்

அப்பாவுக்கு 58 வயசு. போன வாரம் ரெண்டு நாள் ஒன்னுக்கு செம்மண் தண்ணி மாதிரி போச்சு. வலி, எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்ல. மூணாம் நாள் தானா தெளிஞ்சிடுச்சு. உடம்பு சூடுன்னு வீட்ல இளநீரும் வாழைத்தண்டு சாறும் கொடுத்தாங்க. லேப் ரிப்போர்ட்ல ஆர்பிசி (சிவப்பணு) 15-20, பஸ் செல் (சீழ் அணு) 2-4, ஆல்புமின் (புரதம்) ட்ரேஸ், அதாவது லேசா. 30 வருஷமா பீடி. இதயத்துக்கு ஆஸ்பிரின் 75 தினமும் போடறார். இப்பவே ஸ்கேன் எடுக்கணுமா, திரும்ப வந்தா பாத்துக்கலாமா? எங்க பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடு அதிகம், அதனால இருக்குமோ?

ஊத்தங்கரை லேப்

முதல்ல ரிப்போர்ட்டைப் படிச்சுடலாம். 15-20ன்னா மைக்ராஸ்கோப்ல பெரிதாக்கிப் பாக்கும்போது ஒரு வட்டத்துக்குள்ள தெரியற சிவப்பணு எண்ணிக்கை. 3க்கு மேல போனாலே ரத்தம்னு கணக்கு. அணுவே கண்ணுல பட்டிருக்கு, அதனால இது நிஜ ரத்தம். பீட்ரூட் சாப்பிட்டாலும் காசநோய்க்கு ரிஃபாம்பிசின் போட்டாலும் நிறம் மாறும், ஆனா அணு இருக்காது. தலைகீழாவும் நடக்கும்: ஒன்னுக்குல முக்கி நிறம் பாக்கற ஸ்ட்ரிப்ல ரத்தம் மூணு பிளஸ் காட்டும், மைக்ராஸ்கோப்ல ஒன்னும் இருக்காது. தசை சிதைஞ்சு அதோட சத்து ஒன்னுக்குல இறங்கினாலோ, சிவப்பணு உடைஞ்சு போயிருந்தாலோ அப்படி வரும்.

பஸ் செல் 2-4 சாதாரணம், கிருமித் தொற்றுக்கு வாய்ப்பு கம்மி. இருந்தாலும் கிருமி வளருதான்னு பாக்கற கல்ச்சர் ஒன்னு கொடுத்துடுங்க, ஆன்டிபயாட்டிக் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. மாத்திரை போட்டுட்டுக் கொடுத்தா கிருமி இருந்தும் வளராது.

சாம்பிள்லதான் பாதிப் பேர் கோட்டை விடறாங்க. கழுவிட்டு, முதல்ல வர்றதை விட்டுட்டு நடுவுல வர்றதைப் பிடிக்கணும். லேப்ல கொடுக்கற டப்பாவிலதான், கழுவின டானிக் பாட்டில்ல இல்ல. ரெண்டு மணி நேரத்துக்கு மேல வச்சிருந்தா அணு உடைஞ்சு எண்ணிக்கை குறைஞ்சுடும். பெண்கள்னா மாதவிலக்கு நாள்ல கொடுக்கவே வேண்டாம்.

கல்லும் பையும்

தம்பி, நின்னுடுச்சுங்கறதுதான் இதுல பெரிய பொறி. 40 வயசுக்கு மேல, வலியில்லாம, கண்ணுக்குத் தெரியற மாதிரி ரத்தம், கூடவே பீடி: இந்த நாலும் சேந்தா சிறுநீர்ப்பையில கட்டி இல்லன்னு நிரூபிக்கற வரைக்கும் விடக்கூடாது. அந்தக் கட்டி விட்டு விட்டுத்தான் கசியும். ரெண்டு நாள் வரும், அப்புறம் சில மாசம் சத்தமே இருக்காது. அந்த இடைவெளியில யார் வாழைத்தண்டு சாறு கொடுத்தாலும் அதுதான் குணப்படுத்தின மாதிரி தெரியும். பீடிப் புகையில உள்ள நஞ்சைக் கிட்னி வடிகட்டி அனுப்புது, பையிலதான் அது மணிக்கணக்கா தேங்கி நிக்குது.

பயப்பட வேண்டாம். இப்படி வர்றவங்கள்ல பல பேருக்குக் கல்லோ, புராஸ்டேட் வீக்கமோ, சில நேரம் ஒன்னுமேயோதான் இருக்கும். ஆனா கட்டி மேலோட்டமா இருக்கும்போதே கண்டுபிடிச்சா ஒன்னுக்குப் போற வழியாவே கருவி விட்டுச் சுரண்டி எடுத்துடலாம். தசைக்குள்ள வேர் விட்ட பிறகுன்னா பையையே எடுக்க வேண்டி வரும்.

முதல்ல கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற ரத்தச் சோதனை), பிபி. அப்புறம் வயித்து ஸ்கேன். ஒரு மணி நேரம் முன்னாடி நாலு டம்ளர் தண்ணி குடிச்சு அடக்கி வச்சுட்டுப் போகணும். பை காலியா இருந்தா உள்சுவர் சரியாத் தெரியாது. ஸ்கேன் நார்மல்னு வந்தா அங்கேயே நிறுத்திடாதீங்க, தட்டையான சின்னக் கட்டி அதுல தப்பிடும். சிஸ்டோஸ்கோப்பிதான் முடிவு சொல்லும். மரத்துப் போற ஜெல் போட்டு மெல்லிய கேமராவை உள்ள விட்டுப் பாப்பாங்க, சில நிமிஷம்தான். கூடவே கிட்னி, அதுலேருந்து பைக்கு வர்ற குழாய் பாக்க மருந்து ஏத்தி சிடி ஸ்கேன். தர்மபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் என்னைக்குப் பாக்கறார்னு ஓபியில கேளுங்க. முதல்வர் காப்பீட்டு அட்டை கையில இருக்கட்டும்.

ஆஸ்பிரின் மேல பழியப் போட்டு விஷயத்தை முடிச்சுடாதீங்க. ஏற்கெனவே உள்ள புண்ணைக் கசிய வைக்கும், அவ்வளவுதான். அதைப் போடறவங்களுக்கும் இதே சோதனைதான். நீங்களா நிறுத்தவும் கூடாது, இதயம் பாக்கற டாக்டர் சொல்லணும்.

ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதுக்காகத்தான். இந்த ரத்தத்தை அதன் கணக்குல எழுதாதீங்க. கல் குவாரியிலயும் தக்காளிக் காட்டுலயும் வெயில்ல நின்னு தண்ணி குடிக்காம இருக்கறவங்களுக்குக் கல் சேரும், அது நிஜம். ஆனா கல் நகர்ந்தா விலாவிலிருந்து தொடையிடுக்கு வரைக்கும் உருட்டிப் புரட்டற வலி வரும். 5 மில்லிமீட்டருக்குக் கீழன்னா பெரும்பாலும் தானா இறங்கிடும். கல்லோட குளிர்க்காய்ச்சலும் சேந்தா மட்டும் விடியற வரைக்கும் காத்திருக்காதீங்க.

அரூர் சிஸ்டர்

குழந்தைகளுக்குக் கதையே வேற. கட்டன் டீ நிறத்துல போகும், நுரைக்கும், காலையில எழும்போது கண்ணைச் சுத்தி வீங்கியிருக்கும். தொண்டை வலி வந்து ஒன்னு ரெண்டு வாரத்துல, சிரங்குன்னா மூணு வாரத்துக்கு மேலயும் வரலாம். அது கிட்னியோட வடிகட்டியில வர்ற அழற்சி. பிபி ஏறும், உடனே காட்டணும். யூராலஜி இல்ல, நெப்ராலஜி, அதாவது கிட்னி நோய் டாக்டர். ஆல்புமின் அதிகமா இருந்தா பெரியவங்களுக்கும் இதே வழிதான். இங்க ட்ரேஸ்தான், ரத்தம் இருந்தாலே அந்த அளவு காட்டும்.

இன்னொன்னு: ரத்தம் உறைஞ்சு கட்டி கட்டியா வந்து ஒன்னுக்கு அடைச்சுக்கிட்டா 108. குழாய் போட்டுக் கழுவித்தான் எடுக்கணும், தண்ணி குடிச்சுத் தள்ளப் பாத்தா வயிறு இன்னும் உப்பும். கண்ணாடி விரியன் கடிச்சு ஒன்னுக்கு சிவந்தாலும் அதே 108தான்.

பாலக்கோட்டான்

திங்கட்கிழமை கூட்டிட்டுப் போறேங்க. வெறும் வயித்துல போகணுமா?

கல்லும் பையும்

ஜெல் போட்டுப் பாக்கற கேமராவுக்கு வேண்டாம், சாப்பிட்டே போகலாம். சிடிக்குச் சில மணி நேரம் வெறும் வயிறு கேப்பாங்க. கிரியாட்டினின் ரிப்போர்ட் இல்லாம மருந்து ஏத்தத் தயங்குவாங்க. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடறவரா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க. ஆஸ்பிரின் சீட்டையும் எடுத்துட்டுப் போங்க.