ஓவியத்துக்குப் பக்கத்து அட்டையில் இருக்கும் அன்பளிப்பாளர்கள் யார்?

ஜூரோங் வாசகி (கேள்வி):
வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஜார்ஜெட் சென் தம்மையே வரைந்துகொண்ட ஓவியத்தின் முன் நின்றபோது, அட்டையில் 'லீ அறக்கட்டளையின் அன்பளிப்பு' என்றிருந்ததைப் படித்துவிட்டு, "அரசாங்கம் காசு கொடுத்து வாங்கவில்லையா அம்மா?" என்று மூத்தவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தொகுப்புக்கு முதலில் கொடுத்தவர்கள் யார்? நம்மவர்களுக்கு இதில் பங்கு உண்டா?

தியோங் பாரு அன்பர்:
கலைக்கூடம் திறந்தது 2015 நவம்பரில். தொகுப்பின் வயது அதைவிட அதிகம். கேத்தே திரையரங்குகளின் உரிமையாளர் டத்தோ லோக் வான் தோ, தாம் சேர்த்திருந்த ஓவியங்களை 1960-இல் சிங்கப்பூருக்குக் கொடுத்தார். சினிமாத் தொழிலதிபரான அவர் பறவைகளைப் படமெடுப்பதிலும் பேர்போனவர். 1964-இல் தைவானில் நேர்ந்த விமான விபத்தில் அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத்தான், 1976-இல், ஸ்டாம்ஃபர்டு சாலை அரும்பொருளகத்தில் தேசிய ஓவியக்கூடம் திறக்கப்பட்டது. அதற்கு முதலாக அமைந்தது அவருடைய கொடையே. தாம் கண்ணால் காணாத கூடத்துக்குக் கொடுத்தவர் என்பதால், அவர் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று மனம் கனக்கும். உங்கள் மகள் பார்த்த லீ அறக்கட்டளை, ரப்பர் வணிகர் லீ கொங் சியான் 1952-இல் நிறுவியது. ஜார்ஜெட் சென் 1993-இல் காலமானார். மறு ஆண்டே அவருடைய ஓவியங்கள் பல அந்த அறக்கட்டளை வழியாகப் பொதுச்சொத்தாயின.

கிளமெண்டி ஆசிரியர்:
மேலே எழுதியவர் செல்வந்தர்களோடு நிறுத்திக்கொண்டார். என் கணக்கில் கலைஞர்களே பெரிய கொடையாளர்கள். லியூ காங் 2003-இல் தம் படைப்புகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை நாட்டுக்குக் கொடுத்தார். சீன ஓவியர் வூ குவான்சோங் 2008-இல் 113 ஓவியங்களைக் கொடுத்தார். சிற்பி இங் எங் தெங் கொடுத்தவையும் ஆயிரத்தைத் தாண்டும். அவை கெண்ட் ரிட்ஜில், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக அரும்பொருளகத்தில் இருக்கின்றன. முடிந்த சிற்பங்களோடு கோட்டோவியங்களையும் சிறு மாதிரிகளையும் சேர்த்தே அவர் கொடுத்ததால், தாளில் நாலு கோடாக இருந்த உருவம் எப்படிக் கனத்த சிற்பமாயிற்று என்பதை அங்கே பார்க்கலாம். ஓவியர் பெயர்கள் பிள்ளைகள் வாயில் நுழையவில்லை என்றால், ஐம்பது வெள்ளி நோட்டைத் திருப்பிக் காட்டுங்கள். கருவாடு காயவைக்கும் பெண்கள் சியோங் சூ பியெங் வரைந்தவர்கள். கொடிகளுக்கிடையே இருக்கும் இரண்டு குரங்குகள் சென் வென் ஸி வரைந்தவை. 1952-இல் லியூ காங்கோடும் சென் சோங் சுவீயோடும் பாலித் தீவுக்குப் போய் வரைந்து வந்தவர்கள் இந்த இருவர்தாம்.

சிராங்கூன் வாசகர்:
நம்மவர்களைக் கொடையாளர் பட்டியலில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கலையைப் பற்றி எழுதியவர்களிடையே தேடுங்கள். அப்போதைய மலாயாப் பல்கலைக்கழகம் 1955-இல் இங்கே ஒரு கலை அரும்பொருளகத்தைத் தொடங்கியபோது, மைக்கேல் சல்லிவன் அதன் பொறுப்பாளராக இருந்து கலை வரலாறும் கற்பித்தார். அவரிடம் படித்தவர் டி. கே. சபாபதி. தென்கிழக்காசியக் கலையை அக்கறையோடு படிக்கும் எவரும் சபாபதியின் எழுத்தைத் தாண்டிப் போக முடியாது. பணக்கொடையைவிட இது குறைந்தது என்று நான் எண்ணவில்லை. பின்னாளில் பல்கலைக்கழகம் இரண்டாகப் பிரிந்தபோது, கூட்டுக் குடும்பச் சொத்தைப் போல அந்தத் தொகுப்பையும் கோலாலம்பூரும் சிங்கப்பூரும் பங்கிட்டுக்கொண்டன.

படைத்தவர்களில், மனித உடலை வரைவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட எஸ். நமசிவாயம் இருக்கிறார், 1988-இல் இரு நண்பர்களோடு 'திரிமூர்த்தி' கண்காட்சியை நடத்திய எஸ். சந்திரசேகரன் இருக்கிறார். பிள்ளைகளோடு போவதானால், தேசிய அரும்பொருளகத்தில் இருக்கும் குமாரி நாகப்பனின் வெண்கல மிளகாயிலிருந்து தொடங்குங்கள். ஆளைவிட உயரமான மிளகாய் அது. அதைப் பார்த்த பிறகு அட்டைகளைப் படிக்க அவர்களே ஓடுவார்கள்.