மறு: அசிட் ப்ரீ-இன்குபேஷன், தமிழில் என்ன?

> அகராதியில் இன்குபேஷனுக்கு 'அடைகாத்தல்' என்றிருக்கிறது. 'அமில முன்னடைகாப்பு' சரிவருமா?

கோழிக்குச் சரி. அடைகாத்தால் உயிர் வரும். இங்கே, தசை இழைகளை வகை பிரிக்கும் சோதனையில், சில இழைகளின் நொதியை அமிலத்தால் முடக்குகிறோம். செய்முறையைப் பார்த்தே பெயர் வைக்கலாம்.

திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஐசோபென்டேனில் தசையை உறையவைத்து, 10 மைக்ரான் சீவலாக வெட்டி, ஃபார்மலின் படாமல், அமில அசிடேட் தாங்கல் கரைசலில் (பி.எச், அதாவது அமில-கார அளவு, மாறாமல் காக்கும் கரைசல்) 5 நிமிடம் வைக்கிறோம். அந்த நொதி, அதாவது மயோசின் ஏடிபியேஸ் (தசைப் புரதத்தில் இருந்து ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உடைப்பது), எந்த இழையில் தப்பியது என்பதை அடுத்த கட்டம் காட்டும்: பி.எச் 9.4-இல் ஏடிபியும் கால்சியமும், 37 டிகிரியில் அரை மணி நேரம். பிறகு கால்சியம் குளோரைடு, கோபால்ட் குளோரைடு, அம்மோனியம் சல்பைடு. கண்ணில் படும் கறுப்பு சாயமே அல்ல, கோபால்ட் சல்பைடு படிவு.

மனிதத் தசைக்கு 1970-இல் ஆய்வாளர்கள் புரூக்கும் கைசரும் தந்த கணக்கு: அமிலக் கரைசலின் பி.எச் 4.3-இல் வகை 1 (மெதுவாகச் சுருங்கும் இழை) கறுப்பு, வேகமாகச் சுருங்கும் வகை 2-இன் பிரிவுகளான 2ஏ, 2பி இரண்டும் வெளுப்பு. 4.6-இல் வகை 1 கறுப்பு, 2ஏ வெளுப்பு, 2பி (இப்போது 2எக்ஸ் என்கிறார்கள்) சாம்பல். என் பரிந்துரை: 'அமில முன்னூறல்'.

----

உங்கள் 'முன்னூறல்' என்றதும் கண் முன்னூறு என்றுதான் படிக்கிறது. 'முன்' எதற்கு? 'அமில ஊறல்' போதும். சாராய ஊறல் நினைவுக்கு வந்தால் வரட்டும்.

'அமில ஒடுக்கம்' கூடவே கூடாது; பாடநூலில் ஒடுக்கம் ஆக்சிஜனேற்றத்தின் எதிர்வினை. அமிலத்துக்குப் பிறகும் கறுக்கும் இழைக்கு 'அமிலந்தாங்கி இழை'யும் வேண்டாம், தாங்கல் கரைசலோடு முட்டும். 'அமிலத்தில் நிலைக்கும் இழை' என்போம்.

ஒரு நிபந்தனை: பி.எச் எண்ணையும் சேர்த்தே எழுதவேண்டும், 'அமில ஊறல் 4.6' என்று. சற்றே இறங்கினாலும் 2பி வெளுத்து 2ஏ-யோடு கலந்துவிடும். ஏறினால் 2ஏ-யும் கறுக்கத் தொடங்கும். பி.எச் மீட்டரை 7, 10 தரக் கரைசல்களால் மட்டும் திருத்திவிட்டு 4.6-ஐ நம்பக்கூடாது, 4-உம் வேண்டும். எலித் தசைக்கு மனித எண் அப்படியே பொருந்தாது; 0.05 இடைவெளியில் சோதனைச் சீவல் போட்டுப் பார்க்கவேண்டும்.

> எல்லா இழையும் வெளுத்துப்போனால்?

உடனே அமிலத்தைக் குறைசொல்ல வேண்டாம். அடுத்தடுத்த சீவல் ஒன்றைக் 'கார ஊறல் 9.4'-இல் ஓட்டுங்கள். அங்கே வகை 2 கறுத்தால் கோளாறு அமிலத்தில். அதுவும் வெளுத்தால் ஏடிபியையும் பழைய அம்மோனியம் சல்பைடையும் மாற்றுங்கள்.