ஸ்வேயில் ஒவ்வொரு ரீலோடுக்கும் ஒரு ஸ்வேஐடில் கூடுகிறது: பி-கில் போதுமா, சிஸ்டம்டி யூனிட் வேண்டுமா?

இலுப்பை:
டெபியன் 12 லினக்ஸ், விண்டோக்களை நிர்வகிக்க ஸ்வே. டிஸ்ப்ளே மேனேஜர் (வரைகலை லாகின் திரை) இல்லை, கன்சோலில் லாகின் செய்து ஸ்வேயைத் தொடங்குகிறேன். கைபடாமல் 5 நிமிடம் இருந்தால் திரை பூட்டிக்கொள்ள ஸ்வேஐடில் வைத்திருந்தேன். அதை 15 நிமிடமாக மாற்றி ஸ்வேயின் கான்ஃபிக்கை ரீலோட் செய்த பிறகும் 5 நிமிடத்திலேயே பூட்டுகிறது. ஓடும் ப்ராசஸ்களைக் காட்டும் ஹெச்டாப்பைத் திறந்தால் ஸ்வேஐடில் மூன்று ஓடுகின்றன, எஸ்எஸ்ஹெச் சாவிகளை வைத்திருக்கும் எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட் ஒரு வரிசையே நிற்கிறது, நிரல்கள் ஒன்றோடொன்று பேச உதவும் டி-பஸ் டீமன் என் பெயரில் இரண்டு, ஒலியைக் கவனிக்கும் பைப்வயர் எத்தனை என்றே எண்ண முடியவில்லை. எதை நிறுத்தலாம், எதைத் தொடக்கூடாது?

கான்ஃபிக்கில் ஸ்வேஐடிலை எக்ஸெக்_ஆல்வேஸ் போட்டுத் தொடங்குகிறேன். பாஷ்ஆர்சியில் (பாஷ் ஷெல்லின் தொடக்க ஃபைல்) எஸ்எஸ்ஹெச்-ஏஜென்டைத் தொடங்கும் ஈவால் வரி ஒன்று இருக்கிறது.

ஷெல்காரன்:
ஸ்வேஐடில் விஷயம் எளிது. எக்ஸெக் என்றால் ஸ்வே தொடங்கும்போது மட்டும் ஓடும். எக்ஸெக்_ஆல்வேஸ் என்றால் ஒவ்வொரு ரீலோடிலும் மறுபடி ஓடும். பழையதை யாரும் நிறுத்துவதில்லை. 300 நொடி என்று சொல்லித் தொடங்கிய பழைய ஸ்வேஐடில் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் 5 நிமிடத்தில் பூட்டுகிறது.

அந்த வரியை இப்படி மாற்றுங்கள்: முதலில் 'பி-கில் -எக்ஸ் ஸ்வேஐடில்' (பெயர் அப்படியே பொருந்தும் ப்ராசஸை நிறுத்தும்), அரைப்புள்ளி, அப்புறம் உங்கள் பழைய ஸ்வேஐடில் கட்டளை. அவ்வளவுதான், வேறு எதுவும் வேண்டாம்.

தேன்சிட்டு:
இதை ஏற்க மாட்டேன். இன்றைக்கு ஸ்வேஐடில், நாளைக்கு வேபார் என்ற பட்டை, மறுநாள் மாகோ என்ற அறிவிப்பு நிரல். ஒவ்வொன்றுக்கும் ஒரு பி-கில் வரி எழுதிக்கொண்டே போவீர்களா? 'இந்த ப்ராசஸ் ஒன்றுக்கு மேல் ஓடக்கூடாது' என்று கணக்கு வைத்துக்கொள்ளத்தான், சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் யூசர் மேனேஜர் இருக்கிறது. ஒரு சர்வீஸ் யூனிட் (எதை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் ஃபைல்) எழுதினால் ஸ்டார்ட் கட்டளையை நூறு முறை கொடுத்தாலும் ஒன்றுதான் ஓடும். செட்டிங் மாற்றினால் ரீஸ்டார்ட், செத்துப்போனால் லாகில் காரணம் இருக்கும். க்னோம் டெஸ்க்டாப் 2019-இல் 3.34 பதிப்பிலேயே செஷனை இந்த வழிக்குக் கொண்டுவந்துவிட்டது. கேடிஈ பிளாஸ்மாவும் 5.25-லிருந்து இயல்பாகவே அப்படித்தான் தொடங்குகிறது. அதற்கெல்லாம் காரணம் இல்லாமல் இல்லை.

கடைக்கோடி:
இரண்டு பேரும் சுற்றி வளைக்கிறீர்கள். 'பி-கிரெப் -எஃப் ஸ்வேஐடில்' என்று கேட்டு, இல்லையென்றால் மட்டும் தொடங்கச் சொன்னால் போதுமே. இப்போது ஓடும் மூன்றையும் கில் -9 (கட்டாயமாக உடனே நிறுத்துவது) கொடுத்து முடித்துவிடுங்கள்.

ஷெல்காரன்:
கடைக்கோடி, அந்த வரி ஸ்வேயில் வேலை செய்யாது. ஸ்வே உங்கள் கட்டளையை நேராக ஓட்டுவதில்லை, ஒரு ஷெல்லிடம் -சி போட்டுக் கொடுக்கிறது. அந்த ஷெல்லின் கட்டளை வரியிலேயே ஸ்வேஐடில் என்ற சொல் இருக்கிறது. -எஃப் முழு வரியையும் தேடுவதால் அந்த ஷெல்லையே பிடித்துக்கொண்டு 'ஏற்கெனவே ஓடுகிறது' என்று சொல்லிவிடும். கடைசியில் ஒன்றுகூட ஓடாது. பி-கில்லோடு -எஃப் சேர்த்தால் இன்னும் மோசம், தன்னை ஓட்டும் ஷெல்லையே கொன்றுவிடும். அதனால்தான் -எக்ஸ் என்று எழுதினேன்.

இன்னொன்று, இலுப்பையின் சிக்கலே பழைய செட்டிங்கோடு ஓடுவது நிற்கவில்லை என்பதுதான். 'இருந்தால் தொடங்காதே' என்றால் அந்தப் பழையதுதான் தொடர்ந்து ஓடும்.

கில் -9 வேண்டவே வேண்டாம். சாதாரண டெர்ம் சிக்னல் வந்தால் ஸ்வேஐடில் பாக்கி இருக்கும் ரெஸ்யூம் கட்டளைகளை (மறுபடி கைபட்டதும் ஓட வேண்டியவை) ஓட்டிவிட்டுத்தான் முடியும். திரையை அணைத்திருக்கும் நேரத்தில் -9 கொடுத்தால், மறுபடி ஏற்றும் கட்டளை ஓடவே ஓடாது.

தேன்சிட்டு:
-9 பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் -எக்ஸிலும் ஒரு குழி இருக்கிறது. கெர்னல் ஒரு ப்ராசஸின் பெயராக 15 எழுத்து வரைதான் வைத்திருக்கும். பி-கிரெப்பும் பி-கில்லும் -எஃப் இல்லாதபோது அந்தப் பெயரைத்தான் பார்க்கின்றன. ஸ்வேஐடில் சின்னப் பெயர், தப்பிக்கும். நீங்களே எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கு 17 ஆங்கில எழுத்தில் பெயர் வைத்திருந்தால், -எக்ஸோடு முழுப்பெயரைக் கொடுத்துத் தேடினால் ஒன்றும் அகப்படாது. புதிய பதிப்புகள் எச்சரிக்கை அச்சடிக்கின்றன, ஆனால் ஸ்டார்ட்அப்பில் ஓடும் வரியின் எச்சரிக்கையை யார் பார்க்கப்போகிறார்கள்? பெயரை வைத்துத் தேடுவதே நம்ப முடியாதது என்பதுதான் என் வாதம். யூனிட் பெயரைத் தேடாது, சிகுரூப்பை (கெர்னல் ப்ராசஸ்களைச் சேர்த்து வைக்கும் குழு) பிடித்து வைத்திருக்கும்.

ஷெல்காரன்:
நான் வாய்டு லினக்ஸில் சிஸ்டம்டிக்குப் பதில் ரன்இட் வைத்து ஓட்டுகிறேன். சிஸ்டம்டி இல்லாத அல்பைனிலும் டெவுவானிலும் ஸ்வே ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு உங்கள் யூனிட் ஃபைல் எதற்கு? என் வரி எல்லா இடத்திலும் ஓடும்.

சிஸ்டம்டி இருக்கும் இடத்திலும் யூனிட் எழுதினால் மட்டும் போதாது. ஸ்வே தானாக கிராஃபிகல்-செஷன் டார்கெட்டை (வரைகலை செஷன் தொடங்கிவிட்டது என்று குறிக்கும் யூனிட்) கிளப்பாது. எந்தத் திரை, எந்த ஸ்வே என்று காட்டும் வேலண்ட்_டிஸ்ப்ளே, ஸ்வேசாக் மாறிகள் இரண்டையும் இம்போர்ட்-என்விரான்மென்ட் கொடுத்து யூசர் மேனேஜருக்குத் தெரிவிக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம், யூசர் மேனேஜர் செஷனுக்கு ஒன்று அல்ல, யூசருக்கு ஒன்று. ஒரே ஆள் இரண்டு கன்சோலில் இரண்டு ஸ்வே திறந்தால், இரண்டாவது செஷன் கொடுத்த மதிப்பு முதலாவதை அழித்துவிடும். அப்போது சர்வீஸ் எந்தத் திரையைக் காக்கும்?

தேன்சிட்டு:
அப்படி இரண்டு ஸ்வே திறப்பவருக்கு அது உண்மையான சிக்கல்தான். ஆனால் அதே ஆள் ஒரு செஷனில் ரீலோட் செய்தால், உங்கள் பி-கில் இன்னொரு செஷனின் ஸ்வேஐடிலையும் சேர்த்து நிறுத்திவிடும். அந்தத் திரை பூட்டாமலே திறந்து கிடக்கும். பூட்டும் வேலை என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இலுப்பை:
ஸ்வேஐடில் புரிந்தது. மற்றவற்றை யார் தொடங்கினார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ப்ராசஸ் மரத்தைக் காட்டும் பி-எஸ்-ட்ரீயில் பார்த்தால் பாதிக்குத் தாய் ப்ராசஸ் 1 (கணினி தொடங்கும்போது வரும் முதல் ப்ராசஸ்) என்றுதான் இருக்கிறது.

தேன்சிட்டு:
ஸ்வே எக்ஸெக் செய்யும்போது இரண்டு முறை ஃபோர்க் செய்வதால் (பிள்ளை ப்ராசஸ் உருவாக்குவதால்) பிள்ளைகள் அநாதையாகி 1-இடம் போய்விடுகின்றன. பின்னணிக்குப் போகும் எஸ்எஸ்ஹெச்-ஏஜென்டும் அப்படித்தான். அதனால் தாயைப் பார்த்துப் பயனில்லை. பிஎஸ் கட்டளையில் எல்ஸ்டார்ட் (தொடங்கிய நேரம்), சிகுரூப், ஆர்க்ஸ் (முழுக் கட்டளை வரி) மூன்றையும் கேளுங்கள். தொடங்கிய நேரம் நீங்கள் ரீலோட் செய்த நேரத்தோடு பொருந்தினால் கான்ஃபிக் வரி, டெர்மினல் திறந்த நேரத்தோடு பொருந்தினால் பாஷ்ஆர்சி. சிகுரூப்பில் செஷன் ஸ்கோப் என்று வந்தால் ஸ்வே வழியாக வந்தது, ஆப் ஸ்லைஸ் என்று வந்தால் யூசர் மேனேஜர் தொடங்கியது.

டி-பஸ் இரண்டையும் தொடாதீர்கள். ஆர்க்ஸைப் பாருங்கள், ஒன்றில் அக்சஸிபிலிட்டி கான்ஃப் ஃபைலின் பெயர் இருக்கும். அது திரை வாசிப்பான் போன்றவற்றுக்கான தனி பஸ். ஆனால் ஸ்வேயை டி-பஸ்-ரன்-செஷன் போட்டுத் தொடங்குகிறீர்களா என்று ஒருமுறை பாருங்கள். டெபியனில் யூசர் பஸ் ஏற்கெனவே இருக்கும்போது அப்படிச் செய்தால் உண்மையாகவே இரண்டாவது செஷன் பஸ் வந்துவிடும், அதன் பின்னால் ஜிவிஎஃப்எஸ் (க்னோமின் ஃபைல் சேவை) போன்றவை இரண்டிரண்டாக ஓடும்.

ஷெல்காரன்:
பைப்வயருக்கு நான் சொல்கிறேன். ஹெச்டாப் இயல்பாகவே த்ரெட்களையும் (ஒரே ப்ராசஸுக்குள் ஓடும் கிளைகள்) தனி வரியாகக் காட்டும். பெரிய ஹெச் அழுத்துங்கள், பாதி மறைந்துவிடும். மீதியில் பைப்வயரும் பைப்வயர்-பல்ஸும் ஒரே பைனரிதான், ஆனால் வேறு வேறு வேலை. இரண்டும் வேண்டும்.

எஸ்எஸ்ஹெச்-ஏஜென்ட் மட்டும் உண்மையான இரட்டிப்பு. ஒவ்வொரு டெர்மினலும் பாஷ்ஆர்சியைப் படித்து ஒன்று தொடங்குகிறது, டெர்மினலை மூடினாலும் அது போகாது. ஏஜென்டோடு பேசும் சாக்கெட்டுக்கு நிலையான ஒரு பாதை வைத்து எஸ்எஸ்ஹெச்_ஆத்_சாக் மாறியில் அதையே கொடுங்கள். பிறகு எஸ்எஸ்ஹெச்-ஆட் -எல் ஓட்டுங்கள். எக்ஸிட் கோட் 2 வந்தால் மட்டும் ஏஜென்ட் இல்லை என்று பொருள், அப்போது மிஞ்சிக் கிடக்கும் பழைய சாக்கெட் ஃபைலை நீக்கிவிட்டுத் தொடங்கலாம். 1 வந்தால் ஏஜென்ட் இருக்கிறது, சாவி ஏற்றவில்லை, அவ்வளவுதான்.

தேன்சிட்டு:
அதையும் யூனிட்டில் பெரிய எழுத்து -டி (பின்னணிக்குப் போகாமல் ஓட), -ஏ (சாக்கெட் பாதை) கொடுத்து ஓட்டினால் பாஷ்ஆர்சியில் சாக்கெட் பாதை மட்டும் போதும், எக்ஸிட் கோட் பார்க்கும் வேலையே இல்லை.

இலுப்பை:
ஹெச் அழுத்தியதும் பைப்வயர் இரண்டாகக் குறைந்தது. டி-பஸ்ஸில் ஒன்று அக்சஸிபிலிட்டிதான். ஏஜென்டை யூனிட்டாக மாற்றிவிட்டேன், அதற்குத் திரை தேவையில்லை என்பதால் எதையும் இம்போர்ட் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஸ்வேஐடிலுக்கு இப்போதைக்கு பி-கில் -எக்ஸ் வரிதான். ரீலோட் செய்து பார்த்தேன், ஒன்றுதான் ஓடுகிறது, 15 நிமிடத்தில் பூட்டுகிறது.

தேன்சிட்டு:
சரி. பழைய ஏஜென்ட்களை நிறுத்தும் முன் அவற்றில் எதையாவது பிடித்துக்கொண்டு டிமக்ஸ் (டெர்மினலை மூடினாலும் ஷெல்களைத் தொடர வைக்கும் நிரல்) ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்குள் இருக்கும் ஷெல்களில் பழைய சாக்கெட் பாதைதான் இருக்கும், கிட் புஷ் அங்கேயிருந்து செய்தால் சாவி கிடைக்காது. ஏஜென்டின் என்விரானை (அதன் சூழல் மாறிகள்) ப்ராக் ஃபோல்டரில் படிக்கப் போனால் சுடோ கேட்கும். தன்னை யாரும் வேவு பார்க்காதபடி அது பூட்டிக்கொள்வதால் அப்படி, கோளாறு இல்லை.