கத்தரிக்காய் மேல் விழுந்த பழி

சத்துவாச்சாரியிலிருந்து:

திடீரென்று தோல் அரித்துத் தடிக்கும் இந்தத் தொல்லைக்கு எங்கள் வீட்டில் காணாக்கடி என்றுதான் பெயர். எதுவோ கடித்திருக்கிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் முழங்கையில் ஒரு தடிப்பு தொடங்கும். இரவு பத்து மணிக்குள் முதுகு, வயிறு, தொடை என்று திட்டுத்திட்டாகப் படர்ந்துவிடும். காலையில் மருத்துவரிடம் காட்டப் போனால் தோலில் ஒரு சுவடும் இருக்காது. நான்தான் பொய் சொல்கிறேனோ என்று எனக்கே சந்தேகம் வந்திருக்கிறது.

மாமியார் முதலில் கத்தரிக்காயை நிறுத்தினார். நம் வேலூர் மாவட்டத்து இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருடம் எங்கள் வீட்டுக்குள் அதற்குத் தடை! பிறகு கருவாடு, முட்டை, நிலக்கடலை. காலையில் அருகம்புல், வெற்றிலை, மிளகு போட்ட கஷாயம். எட்டு மாதத்தில் ஆறு கிலோ இளைத்தேன். தடிப்பு மட்டும் இளைக்கவில்லை.

கடைசியாகப் பார்த்த தோல் மருத்துவர் ஒரு வேலை கொடுத்தார். தடிப்பைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, எப்போது மறைகிறது என்று குறித்துவரச் சொன்னார். ஒவ்வொன்றும் 24 மணி நேரத்துக்குள் மறைந்தது. வட்டத்துக்கு வெளியே புதிதாக வேறொன்று முளைத்தது. செல்பேசியில் படமும் எடுத்து வைத்தேன். ஆறு வாரத்துக்கு மேல் இப்படி நீடித்தால் நாள்பட்ட காணாக்கடி என்றார். அதில் பெரும்பாலும் உணவு காரணமாக இருப்பதில்லையாம். தோலில் இருக்கும் மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள், அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளைக் கொட்டுகின்றன. பலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே அவற்றைத் தூண்டிவிடுகிறது. தைராய்டும் பார்க்கச் சொன்னார்.

அந்த ஹிஸ்டமினைத் தடுக்கும் மாத்திரையை நான் அரிக்கும்போது மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். அதுதான் தப்பு. தினமும், அரிப்பு இல்லாத நாளிலும் போட வேண்டும். முதலில் தந்த மாத்திரையில் மதியமெல்லாம் தூக்கம் வந்ததால் பிலாஸ்டினுக்கு மாற்றினார். அதைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ, இரண்டு மணி நேரம் கழித்தோதான் போட வேண்டும்.

குடியாத்தத்திலிருந்து:

அக்கா, எனக்கு இடுப்பில் பெல்ட் இறுகும் இடத்திலும், பை மாட்டும் தோளிலும்தான் அதிகம் வரும். கத்திரி வெயிலில் சொல்லவே வேண்டாம். ஒருநாள் முதுகுவலிக்குக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டேன். இரண்டு மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் போன்றவை சிலருக்குக் காணாக்கடியைக் கிளப்பிவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. உதட்டோடு நின்றது என் நல்ல காலம். நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

ஒரு மாத்திரை போதாமல் எனக்குப் படிப்படியாகக் கூட்டினார்கள். நான்கு மடங்கு வரை போகலாமாம். மருத்துவர் சொல்லாமல் யாரும் கூட்டிவிடாதீர்கள். அதற்கும் அடங்காவிட்டால் நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் ஓமலிசுமாப் ஊசி இருக்கிறது. விலையைக் கேட்டதும் எனக்கு அரிப்பே மறந்துவிட்டது.

மறுபடியும் சத்துவாச்சாரி:

தம்பி, பெல்ட் விஷயம் எனக்குப் புதிது. புடவைக் கட்டு இறுகும் இடத்தை நானும் கவனிக்கிறேன்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரம், ஒரு கல்யாணத்தில் ஆம்பூர் பிரியாணியும் கத்தரிக்காயும் சாப்பிட்டேன். அன்றிரவு நான்கு தடிப்புகள். முந்தின நாள் வெறும் ரசம் சாதம்; அன்றும் நான்குதான். இரண்டையும் காலண்டரில் குறித்து மாமியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் பார்த்தார். மறுநாள் அவரே கால் கிலோ வாங்கி வந்தார்.