காற்று எடுத்த பிறகும் பிரேக் பெடல் அமுங்குகிறது: வழி சொல்லுங்கள்

வணக்கம். அப்பாவின் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள காருக்கு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) மாற்றினோம். டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி, பின் சக்கரங்களில் தொடங்கி நான்கிலும் குமிழி நிற்கும்வரை பிரேக் குழாய்களில் இருந்த காற்றை எடுத்தாகிவிட்டது. ஆனாலும் பெடல் பஞ்சுபோல் அமுங்குகிறது. அடுத்தடுத்து மிதித்தால் மேலே ஏறி இறுகுகிறது. அப்படியே அழுத்திப் பிடித்தால் கீழே இறங்குவதில்லை, கசிவும் எங்கும் இல்லை. எனவே சிலிண்டர் சீல் மீது எனக்குச் சந்தேகம் குறைவு.

பின் சக்கர டிரம்முக்கும் அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்குமா? அல்லது ஏபிஎஸ் பிளாக்கில் (ஏபிஎஸ்ஸின் வால்வுகள் உள்ள பெட்டி) காற்று சிக்கியிருக்குமா? காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி இல்லாமல் அதை வெளியேற்ற முடியுமா? அம்மா தினமும் ஏறும் வண்டி. பெடல் சரியாகும்வரை சாலையில் இறக்கமாட்டேன். எதை முதலில் பார்ப்பது என்று அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.