பதில்: ‘பெர்செப்சுவல் ஹாஷ்’ – ‘சாயல்ரேகை’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கோப்பிலிருந்து கணக்கிடும் சுருக்க எண்ணை ‘ஹாஷ்’ என்கிறார்கள்; ஒன்றுபோன்ற படங்களையும் காணொளிகளையும் கண்டுபிடிக்க உதவும் வகை ‘பெர்செப்சுவல் ஹாஷ்’ (perceptual hash). அதற்குத் தமிழில் ‘புலனுணர்வுச் சுருக்கக்குறி’ என்ற முன்மொழிவைப் பார்த்தேன். இலக்கணத்தில் குறையில்லை; ஆனால் செய்தி எழுதுபவருக்கோ சட்டம் படிக்கும் மாணவருக்கோ அதிலிருந்து எதுவும் பிடிபடாது. பயங்கரவாதக் காணொளிகள் இணையத்தில் எப்படிப் பரவுகின்றன, எப்படித் தடுக்கப்படுகின்றன என்று தமிழில் எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் உடனே தேவைப்படும். அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில், இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தாக்குதலை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். நேரலையின்போது அது பார்க்கப்பட்டது 200 தடவைக்கும் குறைவு. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் அந்நிறுவனம் அகற்றிய பிரதிகள் சுமார் 15 லட்சம். அதில் 12 லட்சத்துக்கு மேல் பதிவேற்றும்போதே தடுக்கப்பட்டன. மற்றவை எப்படி நுழைந்தன? சிலர் ஓரத்தை வெட்டி ஏற்றினார்கள், சிலர் திரையில் ஓடுவதை மறுபடி படம்பிடித்து ஏற்றினார்கள். பார்வைக்கு வேறுபட்ட 800-க்கும் மேற்பட்ட வடிவங்களின் ஹாஷ்கள், நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ளும் தரவுத்தளத்தில் சேர்ந்தன.

சாதாரண ஹாஷ் இங்கே கைகொடுக்காது. கோப்பில் ஒரு பிட் (0 அல்லது 1 என்ற ஓர் இலக்கம்) மாறினாலே ஹாஷ் முற்றிலும் வேறாகிவிடும். பெர்செப்சுவல் ஹாஷ் அப்படியல்ல. படம் கொஞ்சம் மாறினால் அதுவும் கொஞ்சம்தான் மாறும். ஃபேஸ்புக் 2019-இல் திறமூலமாக வெளியிட்ட பிடிக்யூ முறையில் ஒரு படத்துக்கு 256 பிட். இரண்டு படங்களுக்கிடையே 31 பிட் வரை வேறுபட்டாலும் ஒன்றுபோன்றவை என்று கொள்வது வழக்கம்.

‘அப்பா சாயல்’ என்கிறோமே, அதே சாயல்தான் இது. கைரேகையில் உள்ள ‘ரேகை’ எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டையும் சேர்த்துச் ‘சாயல்ரேகை’ என்கிறேன். ‘காட்சிரேகை’யும் யோசித்தேன், ஆனால் ஒலிக்கும் இதே முறை உண்டு என்பதால் விட்டுவிட்டேன். ‘ரேகை’ வடசொல், ‘வரி’ போடலாம் என்று சிலர் சொல்லக்கூடும். ‘சாயல்வரி’ என்றால் புதிய வரிவிதிப்போ என்று தோன்றும், எனக்குச் சம்மதமில்லை.

‘சாயல்’ என்பதை நான் விடாமல் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொலைகாரனைப் போற்றி ஏற்றியவரின் பிரதியும், கண்டித்துச் செய்தி போட்டவரின் துண்டும் ஏறக்குறைய ஒரே ரேகையைத் தரும். ஏற்றியவரின் நோக்கம் ரேகையில் இல்லை, அதை மனிதர்தான் பார்க்க வேண்டும். ‘அடையாளக்குறி’ என்று பெயர் வைத்தால் பொருந்தியதுமே குற்றம் உறுதியானது போல ஆகிவிடும். சாயல் என்றால் ஒத்திருக்கிறது என்பதோடு நிற்கும்.

சொற்பட்டியலுக்கு என் வரைவு:

சாயல்ரேகை (பெ.): படம், காணொளி, ஒலி ஆகியவற்றின் ஒப்புமையைக் கணிக்க உதவும் சுருக்க எண். எ-டு: ‘வெட்டி ஏற்றிய பிரதியும் சாயல்ரேகையில் சிக்கியது.’

சாதாரண ஹாஷை இப்போதைக்கு ‘ஹாஷ்’ என்றே விடலாமா, ‘எண்ரேகை’ ஆக்கலாமா? கணினித் துறையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.